வெற்றியைப் பின்னாலிருந்தும் வரையலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு சிறுவர் பக்கத்தில் ‘யாரும் எதிர்பாராத வெற்றி’ என்ற தலைப்பில் மாணவர்களிடம் ஓவியம் கேட்டு, தேர்வானவற்றை வெளியிட்டிருந்தீர்கள். தலைப்பு அருமையானது. ஆனால் வந்த படங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை: 1, 2, 3 என்று எண் போட்ட மேடை, தலைக்கு மேல் தூக்கிய கோப்பை, காது வரை இழுத்த சிரிப்பு, பின்னால் ஒரு கொடி. மேடையில் நிற்பவர் எல்லோரும் எதிர்பார்த்தவரா, யாருமே எதிர்பாராதவரா என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பள்ளிகளில் ஓவியம் சொல்லித்தரும் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, பென்சில் பிடிக்கத் தெரிந்த எவரும் வரையும்படி அளவுகளோடு எழுதியிருக்கிறோம். கடிதம் நீளம்தான். சுருக்கினால் முதலில் போவது அளவுகள் என்பதால், முழுதாக வெளியிட வேண்டுகிறோம்.

காட்சி இது. 1960 செப்டம்பர் 10, ரோம் ஒலிம்பிக் மாரத்தான். மாலையில் தொடங்கிய ஓட்டம் இரவில் முடிகிறது. முடியும் இடம் மைதானம் அல்ல, பழைய ரோமின் வெற்றிச் சின்னமாக நிற்கும் பெரிய கல் வாயிலான கான்ஸ்டன்டைன் வளைவு. முதலில் வருபவர் எத்தியோப்பிய மன்னரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த அபேபே பிகிலா. வெளியுலகம் கேள்விப்படாத பெயர். புதுக் காலணி காலுக்குச் சரிப்படாததால், பயிற்சியில் பழகிய வெறுங்காலோடே ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16.2 வினாடி, அன்றுவரை உலகில் எவரும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. முந்தைய சாதனைக்காரரான சோவியத் வீரர் செர்கேய் பாப்போவ் ஐந்தாவதாக வந்தார். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் கறுப்பின வீரர் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் இதுவே. இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்த 1935க்கும் அந்த இரவுக்கும் இடையே வெறும் 25 ஆண்டு.

இதை முன்னாலிருந்து வரையத்தான் எல்லோருக்கும் கை போகும். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிகிலாவின் முகத்தில் ஆரவாரம் கிடையாது. எல்லையைத் தாண்டியதும் விழுந்து புரளவில்லை. உடம்பை வளைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அந்த அமைதியான முகத்தில் புதிதாக வரைபவர் ஒரு சிரிப்பை ஒட்டவைத்தால் காட்சியே பொய்யாகிவிடும். அமைதியை அமைதியாகவே வரைந்தாலோ, கை பழகாதவர்களுக்கு அது தூங்கி வழியும் முகமாக வந்து நிற்கும். எனவே முகத்தை விட்டுவிடுங்கள். அவருக்குப் பின்னால், சாலையில் குந்தி உட்கார்ந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். அப்போது மூன்று விஷயங்கள் கிடைக்கும்: நம்மைப் பார்த்துத் திரும்பிய வெறும் உள்ளங்கால், அவருக்கு எதிரே வளைவு, இரண்டு பக்கமும் அவரைப் பார்க்கிற சனங்களின் முகம். ‘எதிர்பாராத’ என்ற சொல் ஜெயித்தவரின் முகத்தில் இருப்பதே இல்லை. அது பார்க்கிறவர்களின் முகத்தில் இருக்கிறது.

தாளுக்குப் பெரிய செலவு வேண்டாம். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் போதும், பிளாஸ்டிக் பூச்சு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். சொரசொரப்பில்தான் கரி பிடிக்கும். ஏ3 அளவுக்கு, அதாவது 29.7க்கு 42 செ.மீ. வெட்டி, நெடுக்குவாட்டில் வைத்து, பரீட்சை அட்டையைவிடப் பெரிய பலகையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். சுருள் தாளானால் முதல் நாள் இரவே எதிர்ப்பக்கமாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவைத்தால் காலையில் படிந்திருக்கும். வெள்ளைத் தாளைவிட இது ஏன் நல்லது என்றால், இரவுக் காட்சிக்கு வேண்டிய நடுத்தர நிறம் தாளிலேயே இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் மட்டும் நாம் சேர்த்தால் போதும். வெள்ளைத் தாளில் இரவை வரையப் புகுந்தவர்கள் முக்கால் மணி நேரம் வானத்தைத் தேய்த்தே களைத்துப்போவார்கள்.

எச்பி பென்சில் ஒன்று, சார்கோல் (கரி) பென்சில் ஒன்று, வெள்ளை ஆயில் பேஸ்டல் ஒன்று, பிசைந்து கூராக்கக்கூடிய ரப்பர், பழைய பருத்தித் துணி, காது குடையும் பட்ஸ் நாலு. வெள்ளை பேஸ்டலைக் கடைசியில்தான் தொட வேண்டும். அது எண்ணெய்ப் பசை, அதன் மேல் கரி ஒட்டாது. சாக்பீஸ் வேண்டாம். தாளைத் தூக்கி நிறுத்தினாலே உதிர்ந்து விழும்.

இனி அளவுகள். தாளின் அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் எச்பியால் மெலிதாக ஒரு படுக்கைக் கோடு இழுங்கள். இது கண்மட்டக் கோடு. நாம் குந்தி உட்கார்ந்திருப்பதால் நம் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அதாவது நிற்கிற பெரியவர்களின் இடுப்பு மட்டத்தில். சாலை சமதரை. ஆகவே அருகில் நிற்பவரோ தூரத்தில் நிற்பவரோ, நிற்கிற பெரியவர் எவருக்கும் இடுப்பு இந்தக் கோட்டிலேயே வர வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழை ஓடிவிடும். கூட்டம் வரைகிற பிள்ளைகள் தூரத்து ஆள்களை மேலே மேலே தூக்கி வைத்துக்கொண்டே போவார்கள். அப்புறம் அந்த மனிதர்கள் சுவரில் ஏறி நிற்பதுபோல இருக்கும். காரணம் இந்தக் கோடு இல்லாததுதான்.

கான்ஸ்டன்டைன் வளைவு 21 மீட்டர் உயரம், 25.9 மீட்டர் அகலம். மனிதனைப்போலப் பன்னிரண்டு மடங்கு உயரம். படத்தில் அதற்கு 18 செ.மீ. உயரமும் 22 செ.மீ. அகலமும் கொடுங்கள். அப்படியானால் அதன் காலடியில் நிற்பவர் ஒன்றரை செ.மீ. இருப்பார், அவர் இடுப்பு கண்மட்டக் கோட்டில் விழ வேண்டும் என்பதால் வளைவின் அடி 11.25 செ.மீ.யில் தொடங்கும், உச்சி 29.25 செ.மீ.யில் முடியும். அதற்கு மேல் கிட்டத்தட்ட 13 செ.மீ. வெறும் இரவு வானம். அதை நிரப்ப நிலா, நட்சத்திரம், வாணவேடிக்கை எதுவும் கூடாது. அந்த வெறுமை இருந்தால்தான் கீழே ஓடுகிறவர் தனியாகத் தெரிவார்.

வளைவில் மூன்று வாசல். நடுவாசல் 11.5 மீட்டர் உயரம், 6.5 மீட்டர் அகலம். படத்தில் 10 செ.மீ., 5.6 செ.மீ. பக்க வாசல்கள் 7.4 மீட்டர், 3.4 மீட்டர், படத்தில் 6.3 செ.மீ., 2.9 செ.மீ. நடுவாசலின் அரைவட்டத்துக்குக் காம்பஸை 2.8 செ.மீ. விரித்துப் போடுங்கள். பக்க வாசலுக்குப் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்தாலே போதும், அது 2.7 செ.மீ., கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வாசல்களுக்கு இடையிலும் ஓரங்களிலுமாக நான்கு தூண்கள். இவ்வளவுதான் வளைவு. அதில் சிற்பங்கள் நிறைய உண்டு. ஒன்றைக்கூட வரையாதீர்கள். அந்த இடங்களில் சார்கோலைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு, அதன் மேல் துணியால் ஒரு ஒத்தல். வளைவைக் கூர்மையாக வரைந்தால் அது சுற்றுலாப் படமாகிவிடும். ஓடுகிறவர் ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்போல நிற்பார்.

ஓடுகிறவருக்கு 16 செ.மீ. தரையில் ஊன்றிய பாதம் அடியிலிருந்து 4 செ.மீ.யில், இடுப்பு 12 செ.மீ.யில், உச்சந்தலை 20 செ.மீ.யில். முழங்கால் மடங்குவதால் அரை செ.மீ. குறைந்தாலும் பரவாயில்லை. நடுவாசலின் உச்சி 21 செ.மீ.க்குச் சற்று மேலே வருகிறது. ஆக, அவருடைய தலை நடுவாசலுக்குள் விழும். தலைக்கு மேல் ஒரு செ.மீ.தான் இடைவெளி. அவரைத் தாளின் நட்டநடுவில் வைக்காமல் 2 செ.மீ. இடப்பக்கம் தள்ளுங்கள். தலை வாசலுக்குள்ளேயே இருக்கும், ஆனால் சாமி படம்போலச் சட்டத்துக்குள் உட்கார்ந்த தோற்றம் வராது. தலையின் உயரம் 2.1 செ.மீ. பிகிலா ஒல்லியான உடல்வாகு. தோள் அகலம் 4 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். தோளை அகலமாக்கினால் மல்யுத்த வீரர் வந்துவிடுவார்.

வலது கால் தரையில் ஊன்றியிருக்கட்டும். இடது கால் பின்னால் மடங்கி எழும்பட்டும். இந்தக் காலில்தான் படத்தின் உயிர் இருக்கிறது, இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். முழங்காலிலிருந்து குதிகால் வரை உள்ள பகுதி நம்மை நோக்கி நீண்டிருக்கிறது. நம்மை நோக்கி நீண்ட எதுவும் குட்டையாகத்தான் தெரியும். ஒரு குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நீளம் போய் வட்டம் மட்டும் மிஞ்சும். அதேபோலக் கெண்டைக்கால் இங்கே ஒரு சின்ன நீள்வட்டம்தான், அதுவும் பாதிக்கு மேல் பாதத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். ‘கால் இவ்வளவு நீளம் ஆச்சே’ என்று மனம் சொல்வதை நம்பி முழு நீளத்துக்கு இழுத்தால், கால் ஒடிந்து தொங்குவதுபோல் ஆகும்.

பாதம் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதிலும் தவறு வரும். குதிகால் மேலே, விரல்கள் கீழே. பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு காலில் நின்று, மற்ற காலைப் பின்னால் மடக்கி, தோழனையோ தங்கையையோ பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தின் நீளம் இரண்டரை செ.மீ.; தரைக்கு மேல் 3லிருந்து 5.5 செ.மீ. உயரத்துக்குள் அது நிற்க வேண்டும். வடிவத்துக்குப் பயமே வேண்டாம். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூசையறை வரை மாவில் பாதம் வைக்கிறோமே, அதேதான். கைவிரல்களை மடக்கிப் பக்கவாட்டில் ஒற்றினால் வரும் அந்த எட்டுப்போன்ற அச்சு, அதற்கு ஐந்து பொட்டு. முதலில் அதை அப்படியே வரையுங்கள். பிறகு கட்டைவிரலைப் பெரிதாக்கி மற்றவற்றைச் சரிவாக இறக்குங்கள்.

இப்போது அந்த உள்ளங்காலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 42 கிலோமீட்டர் சாலையில் ஓடிய கால். குதிகால், வெளிவிளிம்பு, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு, விரல் நுனிகள் ஆகிய தரையைத் தொடும் இடங்களில் எல்லாம் புழுதி அப்பியிருக்கும். சார்கோலால் சாம்பல் நிறம் கொடுங்கள். தரையைத் தொடாத உள்வளைவு மட்டும் சுத்தமாக, வெளிர் நிறமாக இருக்கும். வெறுங்காலோடு விளையாடிவிட்டு வீட்டுக்கு வரும் எந்தப் பிள்ளையும் தன் காலைத் திருப்பிப் பார்த்தால் இதே படம் தெரியும். கடைசியில் வெள்ளை பேஸ்டல் தொட வேண்டியது அந்த உள்வளைவில்தான். அரிசி மணி அளவுக்கு ஒரே தொடுகை. தேய்க்காதீர்கள்.

இரத்தச் சொட்டு, கிழிந்த தோல், கட்டு எதையும் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். வெறுங்கால் என்றதும் பரிதாபம் காட்டப் பலருக்குக் கை துறுதுறுக்கும். பிகிலா பரிதாபத்துக்குரியவராக ஓடவில்லை. பயிற்சி பெற்ற வீரர், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். அவருடைய பாதத்தைக் காயமாக வரைவது அவர் உழைப்பைக் குறைப்பது.

கைகளுக்கு ஒரு விதி போதும்: இடது கால் பின்னால் இருந்தால் வலது முழங்கை பின்னால். ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து போனால் சாவி கொடுத்த பொம்மை நடக்கும். பின்னால் வரும் வலது முழங்கை நமக்கு நெருக்கம், அதனால் சற்றுப் பெரிதாக. அந்தப் பக்கத் தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை நோக்கி ஒடுங்கும், இடப்பக்கத்துடையது விரியும். இடுப்பு இடப்பக்கம் 2 மில்லிமீட்டர் தாழட்டும். தோள் அதற்கு எதிராக வலப்பக்கம் தாழட்டும். இந்தச் சின்னச் சாய்வு இல்லாவிட்டால் ஓட்டம் நின்றுபோகும். தலையை மட்டும் நேராக, அசையாமல் வையுங்கள். பனியனில் முதுகுத்தண்டு நெடுக வியர்வை நனைத்த பட்டை ஒன்று, மடிப்புகள் அக்குளிலிருந்து எதிர் இடுப்புக்கு. நிறம் சேர்க்க விரும்பினால் பனியன் பச்சை, அரைக்கால்சட்டை அரக்குச் சிவப்பு. வேறு எங்கும் நிறம் வேண்டாம்.

தோலின் நிறத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலர் பென்சில் டப்பாவில் ‘ஸ்கின் கலர்’ என்று ஓர் இளஞ்சிவப்புப் பென்சில் வருகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த நிறம்? ஆனாலும் யாரை வரைந்தாலும் அதைத்தான் எடுக்கிறார்கள். அதை விட்டவர்கள் நேரெதிராக உடம்பு முழுவதையும் ஒரே கறுப்பாக அப்பிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. கறுத்த தோலில் வியர்வை பட்டால் ஒளி மிகக் கூர்மையாகத் தெறிக்கும். தோள் முனை, முழங்கை, கெண்டை, கழுத்தின் பின்புறம் எல்லாம் பளபளக்கும். ஆகவே பிரவுன் தாளின் நிறத்தை ஒளி படும் இடங்களில் அப்படியே விட்டு, மற்ற இடங்களில் சார்கோலைத் தேய்த்து பட்ஸால் மென்மையாக்குங்கள். அழுத்தமான முழுக் கறுப்பு அக்குள், தொடைகளுக்கு இடையில், ஊன்றிய பாதத்தின் அடியில் என மூன்று இடத்தில் மட்டும். உடம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடவே கூடாது; நிறம் நிறத்தைச் சந்திக்கும் இடமே கோடு.

வெளிச்சம் இரண்டு. ஒன்று, வளைவுக்கு அப்பால். நடுவாசலின் உள்ளே அது தெரிகிறது. அதற்கு எதிராகத் தலை கறுப்பாக நிற்கும். இன்னொன்று, பின்தொடரும் வண்டியின் விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளி, தாழ்வாக. இது இருந்தால்தான் உள்ளங்கால் ஒளிரும். விளக்கு வலப்பக்கம் என்பதால் நிழல் அவருடைய பாதத்திலிருந்து கிளம்பி இடப்பக்கமாகச் சாய்ந்து வளைவை நோக்கி ஓட வேண்டும். விளக்கும் நம் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தால் நிழல் அவருக்குப் பின்னால் மறைந்துவிடும், தெரியவே தெரியாது. நிழல் பாதத்தைத் தொட்டே தொடங்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் மனிதர் அந்தரத்தில் மிதப்பார். வெள்ளை பேஸ்டல் படத்தில் இரண்டே இடத்தில்: வாசலின் உள்ளே, உள்ளங்காலில். கண் அந்த இரண்டுக்கும் இடையில் போய்ப்போய் வரும். மூன்றாவதாக ஒரு வெள்ளை வைத்தால் இந்தப் போக்குவரத்து அறுந்துவிடும்.

இதே ஓட்டப் பாதையில் வந்த பழைய ஆப்பியன் சாலையில் படைவீரர்கள் தீப்பந்தம் பிடித்து நின்ற காட்சி புகழ்பெற்றது. பலருக்கு அதை இங்கே கொண்டுவந்து நட ஆசை வரும். அது வேறு இடம், வேறு வெளிச்சம். பந்தம்தான் வேண்டுமென்றால் வளைவை விட்டுவிட்டு அந்தச் சாலையை வரையுங்கள். அங்கே இரண்டு பேர் ஓடுகிறார்கள். மொராக்கோவின் ராடி பென் அப்தெசலாமும் பிகிலாவும் வெகுதூரம் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் அளவில், எத்தியோப்பியாவிலிருந்து இத்தாலி எடுத்துவந்து நட்டிருந்த அக்சும் கல்தூண் அருகில்தான் பிகிலா முந்தினார். அந்தத் தூண் 2005இல்தான் ஊர் திரும்பியது. கை பழகிய பிறகு அதையும் ஒருநாள் வரைந்து பார்க்கலாம்.

ராடியை நம் படத்தில் சேர்க்கக் கூடாது. அவர் 25 வினாடி பின்னால் வந்தார். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 130 மீட்டர். பிகிலாவின் முதுகைப் பார்த்துக் குந்தியிருக்கும் நமக்கு ராடி எங்கோ பின்னால் இருக்கிறார். பரபரப்பு வரட்டும் என்று இரண்டாம் ஆளைக் குதிகாலில் ஒட்டி வரைவது வழக்கம். இங்கே அப்படி வரைந்தால் பொய். எதிரே வெற்றுச் சாலை, அதில் ஒரே ஒரு மனிதர் என்பதுதான் இந்த வெற்றி.

கூட்டத்துக்கு வருவோம். ஓரத்தில் மிக அருகே நிற்பவர் 12 செ.மீ., அடுத்து 8, அடுத்து 5, பிறகு 3, வளைவருகே ஒன்றரை. இடுப்பு எல்லோருக்கும் அதே கோட்டில். முகம் வரைய வேண்டியது ஐந்து பேருக்கு மட்டும். மற்றவர்கள் வெறும் முட்டை வடிவங்கள். துணியால் ஒத்தி மங்கலாக்கிவிடுங்கள். முகத்தில் புருவத்தின் நிழல், மூக்கின் அடி, வாய் என மூன்று கோடு போதும். ஒன்றரை செ.மீ. தலையில் கண்மணி, இமை என்று இறங்கினால் அழுக்குத்தான் மிஞ்சும்.

ஐந்தில் ஒருவரையும் சிரிக்கவிடாதீர்கள். வியப்பும் மகிழ்ச்சியும் வேறுவேறு. மகிழ்ச்சியில் வாய் அகலமாகும், கன்னம் மேலேறிக் கண் சுருங்கும். வியப்பில் வாய் கீழே தொங்கும், புருவம் ஏறும், கன்னம் தளர்ந்திருக்கும். 12 செ.மீ. ஆளுக்கு இந்த வித்தியாசம் ஒரே மில்லிமீட்டர்: வாயின் கோட்டைப் பக்கவாட்டில் நீட்டாமல் கீழ்நோக்கி ஒரு சின்ன முட்டையாக்கினால் வியப்பு வந்துவிடும். ஒருவர் கை தட்டப்போய், இரண்டு உள்ளங்கையும் சேராமல் நடுவில் நின்றுவிட்டிருக்கட்டும். ஒரு பெண் கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறார், பெயரைத் தேடுகிறார். ஒரு சிறுவன் குனிந்து கால்களையே பார்க்கிறான்; அவன் பார்வை எங்கே போகிறதோ அங்கேதான் நம் பார்வையும் போகும் என்பதால் அவனை இடப்பக்கம், உள்ளங்காலின் மட்டத்துக்கு நேராக வையுங்கள். இன்னொருவர் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்திருக்கிறார்.

ஐந்தாமவர் மிக முக்கியம். அவர் பிகிலாவைப் பார்க்கவில்லை. பிகிலாவைத் தாண்டி, நாம் இருக்கும் பக்கமாக, சாலையின் பின்புறத்தை எட்டிப் பார்க்கிறார். தான் எதிர்பார்த்து நின்ற ஆள் இன்னும் வரவில்லையே என்று கழுத்தை நீட்டுகிறார். வலப்பக்கம் 8 செ.மீ. வரிசையில் அவரை நிறுத்துங்கள். எல்லாத் தலையும் ஒருபக்கம் திரும்பியிருக்க, இவர் தலை மட்டும் எதிர்ப்பக்கம். இந்த ஒரு தலை இல்லாவிட்டால் இது வெறும் மாரத்தான் வெற்றி; இருந்தால் யாரும் எதிர்பாராத வெற்றி. கூட்டத்தின் கையில் எத்தியோப்பியக் கொடி கொடுக்காதீர்கள். கொடியோடு காத்திருந்தால் எதிர்பார்த்திருந்தார்கள் என்று அர்த்தமாகிவிடும்.

முகம் வரைந்தே தீருவேன் என்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு 1964 அக்டோபர் 14, டோக்கியோ, 10,000 மீட்டர் ஓட்டம் பொருத்தம். அமெரிக்கப் பழங்குடியான லகோட்டா இனத்தைச் சேர்ந்த பில்லி மில்ஸ், தன் முந்தைய சிறந்த நேரத்தைவிட முக்கால் நிமிடத்துக்கும் மேலாக வேகம் கூட்டி, 28 நிமிடம் 24.4 வினாடியில் ஜெயித்தார். துனிசியாவின் கமூடி 0.4 வினாடி பின்னால், உலக சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் 1.4 வினாடி பின்னால். கடைசி வேகத்தில் இவை ஏறத்தாழ மூன்று மீட்டரும் பத்து மீட்டரும். இங்கே மற்றவர்கள் படத்தில் கட்டாயம் வர வேண்டும். எட்டு மீட்டர் தள்ளி எதிரே நின்று பார்ப்பதாக வைத்து மில்ஸை 16 செ.மீ. வரைந்தால், கமூடி ஏறத்தாழ பதினொன்றரை, கிளார்க் 7 செ.மீ. மார்பில் எண் 722. எல்லையைத் தாண்டியதும், சுற்றுகளை எண்ணியதில் தவறிவிட்டோமோ என்று ஒரு கணம் பயந்ததாக மில்ஸ் பின்னர் சொல்லியிருக்கிறார். அந்த முகத்துக்கு வாய் மகிழ்ச்சியின் வாய், அகலத் திறந்து. புருவம் கவலையின் புருவம், உள்முனைகள் மேலேறி நடுவில் நெற்றிச் சுருக்கத்தோடு. மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுக்கொன்று முரண்பட வேண்டும். இரண்டையும் ஒரே உணர்ச்சிக்கு வரைந்தால் விளம்பரச் சிரிப்பு வந்துவிடும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பிகிலா படத்துக்கு முழுதாக மூன்று மணி நேரம் ஆகும், அதில் முதல் ஒரு மணி நேரம் எச்பி பென்சிலில் அளவு குறிப்பதற்கே போகும், போகட்டும். பிள்ளைகள் பொறுமையிழந்து பத்தாவது நிமிடமே கரியை எடுப்பார்கள். பிறகு இடுப்பு கோட்டைவிட்டு நழுவியதைக் கண்டுபிடித்தாலும் அழிக்க முடியாது, பிரவுன் ஷீட் மூன்றாவது அழிப்பில் பஞ்சாகிவிடும். நிழல் கொடுக்கும்போது கைக்குக் கீழே ஒரு தாளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்களிடம் கேட்பது மூன்று. இந்தத் தலைப்பை அடுத்த முறை தரும்போது, உண்மையில் நடந்த ஒரு போட்டியை எடுத்து, யார் எத்தனை வினாடி பின்னால் வந்தார்கள் என்ற கணக்கோடு வெளியிடுங்கள். எத்தனை பேரை, எவ்வளவு பெரிதாக வரைவது என்று பிள்ளைகள் அதிலிருந்தே முடிவு செய்துகொள்வார்கள். ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். படங்களைத் தபால்தலை அளவில் பன்னிரண்டு போடாமல் இரண்டே போடுங்கள், ஆனால் கூட்டத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிய அந்த ஒருவரின் தலை தெரிகிற அளவுக்குப் பெரிதாக.

இப்படிக்கு,
பள்ளி ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.